வணிகக் கட்டடங்களில் படிக்கட்டுப் பாதுகாப்பு: ஒரு வரலாறு

படிக்கட்டுப் பாதுகாப்பு என்பது, படியேறி இறங்குவோர் தவறி விழாமல் இருப்பதற்காகக் கட்டடங்களில் செய்யப்படும் அமைப்புகளையும் அவற்றுக்கான விதிகளையும் குறிக்கும். கடை, அலுவலகம், தொழிற்சாலை, அரங்கம், தங்கும் விடுதி போன்ற வணிக இடங்களில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. வீட்டு மாடிப்படியை நாள்தோறும் ஏறி இறங்குபவரின் கால் அதன் அளவைப் பழகி வைத்திருக்கும். கடைக்கு வருபவருக்கோ அந்தப் படி புதியது. கையில் பை இருக்கும், இடுப்பில் குழந்தை இருக்கும், கண் கடையின் அலங்காரத்தில் இருக்கும்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர் என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. சமதளத்தில் வழுக்கியவர்கள், உயரத்திலிருந்து விழுந்தவர்கள், படியில் உருண்டவர்கள் அனைவரும் இதில் அடங்குவர். எதிர்பாராக் காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் விழுதலுக்கே.

ஒருவர் படியில் விழுந்தால் தூக்கிவிடுபவர் முதலில் கேட்பது, ‘பார்த்து வரக்கூடாதா?’ என்பதுதான். ‘இந்தப் படியை இப்படிக் கட்டலாமா?’ என்ற கேள்வி எழுவதற்குப் பல நூற்றாண்டுகளும் பல உயிர்களும் தேவைப்பட்டன. முதல் கேள்வியிலிருந்து இரண்டாம் கேள்விக்கு உலகம் எவ்வாறு வந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

படியின் உறுப்புகள்

ஒரு படிக்கு இரண்டு அளவுகள் முக்கியமானவை. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே உள்ள உயரம் படி உயரம் ஆகும். கட்டட வேலை செய்வோர் இதனை ரைசர் என்பர். பாதம் பதியும் இடத்தின் அளவு மிதி அகலம் ஆகும். இதனை டிரெட் என்பர். மிதியின் முன்விளிம்பு நோசிங் எனப்படும். தொடர்ந்து செல்லும் படிகளின் இடையே நின்று மூச்சு வாங்க விடப்படும் சமதளம் லேண்டிங் ஆகும். பக்கத்தில் பற்றிக்கொள்ள அமைக்கப்படுவது கைப்பிடி.

படி உயரம் கூடி மிதி அகலம் குறையும்போது படிக்கட்டு செங்குத்தாகிறது. 15 செ.மீ. உயரமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட படிக்கட்டின் சாய்வு ஏறத்தாழ 27 பாகை. 25 செ.மீ. உயரமும் 20 செ.மீ. அகலமும் இருந்தால் சாய்வு 51 பாகை ஆகிவிடும். பின்னது ஏணிக்கு நெருங்கிய உறவு.

படிக்கட்டு செங்குத்தாவது ஏன்?

இதற்கு விடை பெரும்பாலும் இட நெருக்கடியிலும் பணக் கணக்கிலும் இருக்கிறது. 3 மீட்டர் உயரத்தில் உள்ள முதல் மாடிக்கு 15 செ.மீ. உயரப் படிகள் வைத்தால் 20 ஏற்றங்கள் வேண்டும். இடையில் வரும் 19 மிதிகளுக்கு, ஒன்றுக்கு 30 செ.மீ. வீதம், 5.7 மீட்டர் நீளம் தேவை. அதே உயரத்துக்கு 25 செ.மீ. படிகள் வைத்தால் 12 ஏற்றங்களும் 11 மிதிகளும் போதும். மிதி 20 செ.மீ. என்றால் நீளம் 2.2 மீட்டர்தான். படிக்கட்டின் அகலம் 1 மீட்டர் எனக் கொண்டால், செங்குத்தாகக் கட்டுபவருக்கு ஒரு தளத்தில் 3.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 38 சதுர அடி மிச்சமாகிறது. கடைத்தெருவில் 38 சதுர அடி என்பது ஒரு சிறு கடை. மிச்சம் உரிமையாளருக்கு, அதற்கான விலையைக் கொடுப்பவர் படியில் நடப்பவர்.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 17ஆம் நூற்றாண்டில் அந்நகரின் கால்வாய்க் கரைகளில் வணிகர்கள் வீடும் கிடங்கும் ஒன்றாக அமைந்த குறுகிய, உயரமான கட்டடங்களைக் கட்டினர். உள்ளே மாடிப்படிகள் மிகவும் செங்குத்தாக அமைந்தன. அவற்றில் மூட்டைகளையும் பெட்டிகளையும் தூக்கிச் செல்வது கடினம். எனவே கட்டடத்தின் உச்சியில் தெருவை நோக்கி நீட்டிய உத்திரத்தில் கொக்கி பொருத்தி, கயிறும் கப்பியும் கொண்டு சரக்கை வெளிப்புறமாக மேலேற்றினர். இன்றும் அந்தக் கொக்கிகளைக் காணலாம். சரக்குக்கு நல்ல வழி கிடைத்தது; மனிதர்கள் மட்டும் செங்குத்துப் படியிலேயே ஏறினர்.

பழைய நூல்களில் படியின் அளவு

படிக்கு அளவு வேண்டும் என்ற சிந்தனை மிகப் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியசு, கோயில் படிகளின் உயரம் 9 முதல் 10 அங்குலத்துக்குள்ளும் மிதி அகலம் ஒன்றரை முதல் இரண்டு அடிக்குள்ளும் இருக்கவேண்டும் என்று எழுதினார். படிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கவேண்டும் என்பதும் அவர் கூற்று. வலக்காலால் முதல் படியை மிதித்தவர் கோயில் தளத்தையும் வலக்காலாலேயே அடைவார் என்பது காரணம். நம் ஊரில் ‘லாபம், நட்டம்’ என்று படிகளை எண்ணி, கடைசிப் படி லாபத்தில் முடியுமாறு ஒற்றைப்படையில் வைக்கும் வழக்கம் இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. வெவ்வேறு நம்பிக்கைகள் ஒரே எண்ணிக்கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அதே நூலின் வேறொரு பகுதியில், 3, 4, 5 என்ற அளவுகளில் பக்கங்களைக் கொண்ட செங்கோண முக்கோணத்தைப் படிக்கட்டு அமைக்கப் பயன்படுத்தலாம் என்கிறார் விட்ரூவியசு. உயரம் 3, கிடை நீளம் 4 என்றால் சாய்வு சுமார் 37 பாகை. பித்தகோரசு தேற்றத்தைப் படிக்கும் மாணவர்கள், அது படிக்கட்டுக்கும் பயன்பட்டது என்பதை நினைவில் கொள்ளலாம்.

இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ 1570ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், படி உயரம் 6 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, மிதி ஓர் அடிக்குக் குறையக்கூடாது என்றார். பதினொன்று அல்லது பதின்மூன்று படிகளுக்கு ஒருமுறை லேண்டிங் வேண்டும் என்றும் கூறினார். இதற்கு அவர் இரண்டு காரணங்கள் சொல்கிறார். ஒன்று, தளர்ந்தவர்கள் அங்கே இளைப்பாறலாம். மற்றொன்று, மேலிருந்து எதுவும் விழுந்தால் அது அங்கே தடைபட்டு நிற்கும். விழுதலைக் கருத்தில் கொண்டு சொல்லப்பட்ட விதி இது என்பது கவனிக்கத்தக்கது.

1675ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தம் கட்டடக் கலைப் பாடநூலில், பிரான்சு நாட்டைச் சேர்ந்த பிரான்சுவா புளொண்டெல் ஒரு சூத்திரத்தைத் தந்தார். சமதளத்தில் மனிதன் எடுத்துவைக்கும் இயல்பான ஓர் அடி 24 பிரெஞ்சு அங்குலம். மேலே ஏறுவது முன்னே நடப்பதைப் போல் இரு மடங்கு உழைப்பு. எனவே படி உயரத்தின் இரு மடங்கோடு மிதி அகலத்தைக் கூட்டினால் 24 அங்குலம் வரவேண்டும். இன்றைய அளவில் இது 65 செ.மீ. மூன்றரை நூற்றாண்டுகள் கடந்தும் உலகின் பல நாட்டு விதிகளில் இச்சூத்திரம் சிறு மாற்றங்களுடன் வாழ்கிறது. பிரிட்டனின் இன்றைய கட்டட வழிகாட்டி, அந்தக் கூட்டுத்தொகை 55 முதல் 70 செ.மீ. வரை இருக்கலாம் என்கிறது.

இந்நூல்கள் கோயில்களையும் அரண்மனைகளையும் மாளிகைகளையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. கடைக்கும் பட்டறைக்கும் இவற்றைப் பின்பற்றவேண்டிய கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை.

பொறுப்பு யாருடையது? நீதிமன்றங்களின் விடை

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆலைகளும் கிடங்குகளும் பெருகியபோது விபத்துகளும் பெருகின. வேலையில் காயமுற்றவருக்கு முதலாளி ஈடு தரவேண்டுமா என்ற வழக்குகள் நீதிமன்றத்துக்கு வந்தன. 1837ஆம் ஆண்டின் பிரீஸ்ட்லி எதிர் ஃபவ்லர் வழக்கில் காயமுற்ற ஊழியருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. வேலைக்கு வருபவர் அதன் ஆபத்துகளையும் ஏற்றுக்கொண்டே வருகிறார் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. படி மோசம் என்று தெரிந்தும் ஏறினாயே என்பது முதலாளிகளுக்கு நல்ல வாதமாயிற்று.

1866ஆம் ஆண்டின் இண்டர்மாவர் எதிர் டேம்ஸ் வழக்கு நிலைமையை மாற்றத் தொடங்கியது. எரிவாயுக் கருவியைச் சோதிக்க ஒரு சர்க்கரை ஆலைக்குச் சென்ற தொழிலாளி, மேல்தளத்தில் தடுப்பு இன்றித் திறந்திருந்த சரக்குத் துளையின் வழியே கீழே விழுந்தார். அவர் அந்த ஆலையின் ஊழியர் அல்லர். வேலை நிமித்தம் வந்தவர். இவ்வாறு தொழில் தொடர்பாக வருபவர் கவனமாக நடந்துகொள்ளும் நிலையில், வழக்கத்துக்கு மாறான ஆபத்திலிருந்து அவரைக் காக்க இடத்துக்குரியவர் நியாயமான அக்கறை எடுக்கவேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அந்த ஆபத்து இடத்துக்குரியவருக்குத் தெரிந்திருந்தாலும், தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தாலும் அவர் பொறுப்பாளி. கடைக்கு வரும் வாடிக்கையாளரையும் காக்கும் கோட்பாடு இது. 1891ஆம் ஆண்டின் ஸ்மித் எதிர் பேக்கர் வழக்கில், ஆபத்து இருப்பதை ஒருவர் அறிந்திருந்தார் என்பதாலேயே அதற்கு அவர் சம்மதித்தார் என்று ஆகாது என மேல்நீதிமன்றம் தெளிவாக்கியது.

1957ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றப்பட்ட இடப்பொறுப்பாளர் கடமைச் சட்டம் இக்கோட்பாட்டை எழுத்தில் கொண்டுவந்தது. குழந்தைகள் பெரியவர்களைவிடக் கவனக் குறைவாகத்தான் இருப்பார்கள், அதை எதிர்பார்த்தே இடத்தை வைத்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. ‘பார்த்து வரக்கூடாதா?’ என்ற கேள்வியைக் குழந்தையிடம் கேட்க முடியாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது எனலாம்.

சண்டர்லாந்து, 1883

சட்டக் கோட்பாடு விழுந்த பிறகு ஈடு பெற்றுத் தரும். விழாமல் தடுக்க விதிகள் வேண்டும். அவ்விதிகள் பெரும்பாலும் பெரும் துயரங்களுக்குப் பின்னரே வந்தன.

1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் விக்டோரியா மண்டபத்தில் குழந்தைகளுக்கான வித்தை நிகழ்ச்சி நடந்தது. மேல்மாடத்தில் ஏறத்தாழ 1,100 சிறுவர் சிறுமியர் அமர்ந்திருந்தனர். நிகழ்ச்சியின் முடிவில் கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்குப் பரிசுப் பொருள்கள் வழங்கப்படுவதைக் கண்டு மேலிருந்த குழந்தைகள் படிக்கட்டில் இறங்கி ஓடினர். படிக்கட்டின் அடியில் இருந்த கதவு உட்பக்கமாகத் திறப்பது. அது ஒரு குழந்தை மட்டும் நுழையக்கூடிய இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. முன்னே வந்தவர்கள் சிக்கிக்கொண்டனர். பின்னே வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. 183 குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தனர். அவர்களின் வயது 3 முதல் 14 வரை.

இதன் பின்னர்ப் பொது அரங்குகளின் வெளியேறும் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும் என்ற நெறி பிரிட்டனில் வலியுறுத்தப்பட்டது. உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும் தாழ்ப்பாளுக்கு 1892ஆம் ஆண்டு இராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்சு காப்புரிமை பெற்றார். இன்று திரையரங்குகளின் கதவில் குறுக்காகக் காணப்படும் இரும்புப் பட்டை அந்தத் தாழ்ப்பாளின் வழிவந்ததே.

நியூயார்க், 1911

1911 மார்ச் 25 அன்று நியூயார்க் நகரில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில் அத்தொழிற்சாலை இயங்கியது. ஒன்பதாம் தளத்தில் ஒரு படிக்கட்டுக்குச் செல்லும் கதவு பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புறத்தில் இருந்த இரும்புத் தீத்தப்பிப் படி, கூட்டத்தின் பாரம் தாங்காமல் சரிந்தது. 146 பேர் இறந்தனர். பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள்.

அதுவரை தீத்தடுப்பு என்றால் கட்டடத்தையும் சரக்கையும் காப்பது என்றே பொருள் கொள்ளப்பட்டது. இவ்விபத்துக்குப் பின் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1913ஆம் ஆண்டு உயிர்ப் பாதுகாப்புக்கெனத் தனிக்குழு அமைத்தது. 1927ஆம் ஆண்டு கட்டட வெளியேற்ற விதித்தொகுப்பு வெளியானது. படிக்கட்டின் அகலம், படி உயரம், மிதி, கைப்பிடி ஆகியன இவ்வாறு தொழிலிடங்களின் விதிகளில் இடம்பெற்றன.

இதே காலத்தில் வணிகர்கள் வேறொரு வழியிலும் படிக்கட்டுச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டிருந்தனர். 1857ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஹாவட் என்பவரின் ஐந்து மாடிக் கடையில் ஓட்டிசு நிறுவனத்தின் பயணியர் மின்தூக்கிக்கு முன்னோடியான நீராவித் தூக்கி நிறுவப்பட்டது. 1898ஆம் ஆண்டு இலண்டனின் ஹாரட்சு கடையில் நகரும் படி வந்தது. மேலே சென்று இறங்கிய வாடிக்கையாளர்களின் பதற்றம் தணியப் பிராந்தி தரப்பட்டதாகச் சொல்வர். வாடிக்கையாளர் மாடி ஏறத் தயங்கினால் விற்பனை குறையும் என்ற கணக்கு, கடைக்காரர்களைச் செலவு செய்யவைத்தது. கடையின் பின்புறம் ஊழியர்கள் சரக்கு சுமந்து ஏறும் படிக்கு அத்தகைய கணக்கு எதுவும் இருக்கவில்லை.

பெத்னல் கிரீன், 1943

படிக்கட்டுப் பாதுகாப்பின் வரலாற்றில் மறக்கக்கூடாத இடம் இலண்டனின் பெத்னல் கிரீன். அங்கே கட்டி முடிக்கப்படாத சுரங்க ரயில் நிலையம் இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சுப் புகலிடமாகப் பயன்பட்டது. உள்ளே செல்ல ஒரே வாயில். அதிலிருந்து 19 படிகள் கீழிறங்கின. நடுவில் கைப்பிடி இல்லை. போர்க்கால இருட்டடிப்பு காரணமாக மங்கலான ஒரே ஒரு விளக்கு.

1943 மார்ச் 3 இரவு எச்சரிக்கைச் சங்கு ஒலித்தது. மக்கள் இறங்கத் தொடங்கினர். சிறிது நேரத்தில் அருகிலிருந்த பூங்காவில் வான்காப்பு ஏவுகணைகள் பெருஞ்சத்தத்துடன் ஏவப்பட்டன. குண்டு விழுகிறது என அஞ்சிய கூட்டம் வாயிலை நோக்கி நெருக்கியது. படிக்கட்டின் அடிப்பகுதியில், குழந்தையுடன் வந்த ஒரு பெண் இடறி விழுந்தார். அவர் மேல் மற்றவர்கள் விழுந்தனர். சில நொடிகளில் ஏறத்தாழ 300 பேர் அந்தப் படிக்கட்டில் சிக்கிக்கொண்டனர். 173 பேர் இறந்தனர். அவர்களுள் 62 பேர் குழந்தைகள். அன்றிரவு அப்பகுதியில் ஒரு குண்டுகூட விழவில்லை.

அவ்வாயிலை வலுப்படுத்த 1941ஆம் ஆண்டிலேயே உள்ளூர் மன்றம் அனுமதி கேட்டிருந்தது. வீண் செலவு என்று அது மறுக்கப்பட்டிருந்தது. விபத்துக்குப் பிறகு நடுவில் கைப்பிடிகள் வந்தன. படி விளிம்புகளுக்கு வெள்ளை வண்ணம் பூசப்பட்டது. சில கம்பிகளும் ஒரு வாளி வண்ணமும். இவை முன்பே இருந்திருந்தால் முதலில் இடறிய அந்தப் பெண் ஒருவேளை கம்பியைப் பிடித்து நின்றிருக்கக்கூடும்.

தொழிற்சாலைக்குச் சட்டம், கடைக்கு?

பிரிட்டனின் 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் படிக்கட்டுகளுக்கு உறுதியான கைப்பிடியைக் கட்டாயமாக்கியது. சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதனை ஒட்டி எழுதப்பட்டது. அதன் 32ஆம் பிரிவின்படி, தரை, படி, மாடிப்படி, நடைவழி அனைத்தும் உறுதியாகக் கட்டப்பட்டு நன்கு பராமரிக்கப்பட வேண்டியிருந்தது. வழியை அடைக்கும் பொருளோ வழுக்கும் பொருளோ அங்கு இருப்பதை அது தடைசெய்தது. தேவையான இடங்களில் உறுதியான கைப்பிடியையும் அது கோரியது.

இச்சட்டம் பொதுவாக, மின்விசை பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளரும் பயன்படுத்தாத இடத்தில் 20 தொழிலாளரும் இருந்தால் பொருந்தியது. அங்கு உற்பத்தி நடைபெற வேண்டியிருந்தது. துணிக்கடையும் கணக்கர் அலுவலகமும் தொழிற்சாலை ஆகா.

பிரிட்டனிலும் இதே இடைவெளி இருந்தது. 1949ஆம் ஆண்டு கவர்சு குழு, தொழிற்சாலை அல்லாத பணியிடங்களின் பாதுகாப்புக் குறைகளைச் சுட்டிக்காட்டி அறிக்கை தந்தது. அதன் பயனாக அலுவலகங்கள், கடைகள், ரயில்வே வளாகங்கள் சட்டம் 1963ஆம் ஆண்டுதான் நிறைவேறியது. இடையில் பதினான்கு ஆண்டுகள். ஒவ்வொரு மாடிப்படிக்கும் உறுதியான கைப்பிடி, ஒரு பக்கம் திறந்திருந்தால் அந்தப் பக்கத்தில் கைப்பிடி, இரு பக்கமும் திறந்திருந்தாலோ விபத்துக்கு இடமளிக்கும் அமைப்பாக இருந்தாலோ இரு பக்கமும் கைப்பிடி என அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு வகுத்தது. கடைப் படிக்கட்டைத் தனியாகக் கருதிய முக்கியமான சட்டங்களுள் இது ஒன்று.

மனிதர் படியில் விழுவது எப்படி?

1970களில் படிக்கட்டு முறையான ஆய்வுப் பொருளாயிற்று. அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயக் கழகம் 1979ஆம் ஆண்டு படிக்கட்டுப் பாதுகாப்பு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. கட்டடக் கலைப் பேராசிரியர் ஜான் டெம்பிளர் 1992ஆம் ஆண்டு படிக்கட்டைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார். அவற்றில் ஒன்று முழுவதும் விழுதலைப் பற்றியது. இவ்வாய்வுகளின் முடிவுகளைச் சுருக்கமாகக் காணலாம்.

படியேறத் தொடங்குபவர் முதல் இரண்டு மூன்று படிகளைப் பார்க்கிறார். பின்னர் அந்த அளவைக் கால் நினைவில் வைத்துக்கொள்கிறது. கண் வேறு பக்கம் போகிறது. ஆகவே இடையில் ஒரு படி மட்டும் சற்று உயர்ந்திருந்தால் கால் தட்டும். 2012ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஒரு சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டைப் படமெடுத்த ஒரு திரைக்கலைஞர், ஒரே படியில் ஒருவர் பின் ஒருவராக மக்கள் இடறுவதைக் காட்டினார். அந்தப் படி மற்றவற்றைவிட உயர்ந்திருந்தது. வேறுபாடோ மிகச் சிறியது. காணொளி பரவியபின் அது சரிசெய்யப்பட்டது. இடறிய அத்தனை பேரும் ஒரே இடத்தில் கவனக்குறைவாக இருந்திருக்க முடியாது அல்லவா? ஒரு தொடர் படிகளில் மிக உயர்ந்ததற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் இடையே சுமார் 9.5 மி.மீ. வேறுபாட்டுக்கு மேல் அமெரிக்க மாதிரி விதிகள் அனுமதிப்பதில்லை.

ஏறும்போது விழுவதைவிட இறங்கும்போது விழுவதே கடுமையான காயம் தருகிறது. ஏறுபவர் இடறினால் முன்னே உள்ள படியில் கையூன்றலாம்; இறங்குபவருக்கு முன்னே வெறும் வெளிதான். மேலும், வளர்ந்தவரின் பாதம் ஏறத்தாழ 25 செ.மீ. நீளம். மிதி 20 செ.மீ. மட்டுமே இருந்தால் இறங்கும்போது முன்பாதத்தின் ஒரு பகுதி விளிம்புக்கு வெளியே தொங்கும். உடல் எடை முழுவதும் விளிம்பின் மேல் விழும், கால் நழுவும். செங்குத்துப் படியில் பலர் பக்கவாட்டில் திரும்பி இறங்குவது இதனால்தான்.

கனடாவின் ஜேக் பால்சு போன்றோரின் தொடர் முயற்சியால், படி உயரம் 7 அங்குலத்துக்கு மிகாமலும் மிதி 11 அங்குலத்துக்குக் குறையாமலும் இருக்கவேண்டும் என்ற அளவு வட அமெரிக்கப் பொதுக் கட்டடங்களின் விதிகளில் இடம்பெற்றது. இது முறையே 18 செ.மீ., 28 செ.மீ. எனலாம்.

இந்தியாவில்

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதன்முதலில் 1970ஆம் ஆண்டு வெளியாயிற்று. பின்னர் 1983, 2005, 2016ஆம் ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இதன் 2005ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, வீடுகளில் படி உயரம் 19 செ.மீ. வரையும் மிதி குறைந்தது 25 செ.மீ. ஆகவும் இருக்கலாம். ஏனைய கட்டடங்களில் உயரம் 15 செ.மீ.க்கு மிகக்கூடாது, மிதி 30 செ.மீ.க்குக் குறையக்கூடாது. கைப்பிடியின் உயரம் குறைந்தது 1 மீட்டர். முன்பே கண்ட பழைய அளவுகளோடு இவற்றை ஒப்பிட்டால் வியப்புத் தோன்றும். வீட்டுப் படியின் சாய்வு விட்ரூவியசு சொன்ன முக்கோணத்தின் 37 பாகையேதான். புளொண்டெல் சூத்திரத்தில் இட்டால் வீட்டுப் படி 63 செ.மீ., வணிகக் கட்டடப் படி 60 செ.மீ. தருகிறது.

விதி எழுதப்படுவதற்கு முன் எழுந்த கடைகளும், வீடாக இருந்து கடையாக மாறிய கட்டடங்களும் நம் கடைத்தெருக்களில் ஏராளம். ஒரு குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட படியில் பண்டிகைக் காலத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோர் ஏறுகின்றனர்.

பயன்பாடு மாறியும் படி மாறாதபோது என்ன நேரும் என்பதை மும்பை காட்டியது. எல்பின்ஸ்டன் சாலை ரயில் நிலையத்தைச் சுற்றிய பருத்தி ஆலைப் பகுதி, பிற்காலத்தில் அலுவலகக் கட்டடங்கள் நிறைந்ததாயிற்று. மக்கள் பெருகினர், நடைமேம்பாலத்தின் குறுகிய படி அப்படியே இருந்தது. 2017 செப்டம்பர் 29 காலை, மழைக்கு ஒதுங்கியோரும் ரயிலிலிருந்து இறங்கியோரும் அதில் நெருங்கியபோது 23 பேர் நசுங்கி இறந்தனர். அதன்பின் இராணுவம் விரைந்து கட்டிய புதிய பாலம் 2018 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் ஆசிரியப் பணி செய்த எவரும் 2004 ஜூலை 16ஐ மறக்க இயலாது. கும்பகோணத்தில் கூரைக் கொட்டகையில் இயங்கிய பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தனர். தீ ஒரு காரணம். மாடியிலிருந்து தப்பிக்க இருந்த குறுகிய படிக்கட்டு மற்றொரு காரணம்.

இருக்கும் படியைத் திருத்துதல்

செங்குத்தாகக் கட்டிவிட்ட படியை இடித்துக் கட்டுவது எல்லாருக்கும் இயலாது. ஆயினும் மேற்கண்ட வரலாறு கற்றுத்தரும் பாடங்களுள் பல சிறு செலவில் செய்யக்கூடியவை.

முதலாவது கைப்பிடி. இரு பக்கமும், முதல் படி முதல் கடைசிப் படி வரை இடையறாமல் இருக்கவேண்டும். விரல்கள் சுற்றிப் பிடிக்கும்படி 3 முதல் 5 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் குழாய் ஏற்றது. கைப்பிடிச் சுவரின் மேல் பதிக்கும் அகலமான கிரானைட் பலகை பார்வைக்கு அழகு. விழும்போது கை அதைப் பற்றாது.

இரண்டாவது விளிம்பு. ஒரே நிறப் பளிங்கில் படி எங்கே முடிகிறது என்பது இறங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடி அணிந்த முதியவர்களுக்கு இது இன்னும் கடினம். ஒவ்வொரு விளிம்பிலும் சுமார் 5 செ.மீ. அகலத்தில் வேறு நிறப் பட்டை, சொரசொரப்பானதாக, ஒட்டவேண்டும். பாதி கழன்று தொங்கும் பட்டை இல்லாததைவிட ஆபத்தானது.

மூன்றாவது ஒளி. படியின் மேலும் கீழும் விளக்கு வேண்டும். மின்வெட்டின்போது தானே எரியும் விளக்கு ஒன்றாவது இருப்பது நல்லது.

நான்காவது சமம். தரையில் புதிதாக ஓடு பதிக்கும்போது முதல் படியின் உயரம் குறைந்துவிடும். மேல்தளத்தில் பதித்தால் கடைசிப் படி உயர்ந்துவிடும். படிகளுக்கும் அதே கனம் கொடுத்துச் சமன்செய்ய வேண்டும்.

ஐந்தாவது வழியைக் காலியாக வைத்தல். அட்டைப்பெட்டி, பொம்மை, செருப்பு ஆகியவை படியில் இருக்கலாகாது. ஈரத்துணியால் துடைத்தால் உலரும்வரை ஒருவர் நின்று சொல்லவேண்டும்.

ஆறாவது, ஏறவேண்டிய தேவையைக் குறைத்தல். முதியோருக்குத் தேவையான பொருளைக் கீழ்த்தளத்துக்கே எடுத்துவந்து காட்டலாம். மூட்டைகளை ஊழியர் தோளில் ஏற்றிச் செங்குத்துப் படியில் அனுப்புவதைவிட, ஆம்ஸ்டர்டாம் வணிகர்களைப் போல் கப்பி அமைப்பது மேல்.

நிறைவாக

விட்ரூவியசு காலம் முதல் இன்று வரை மனிதப் பாதத்தின் நீளம் பெரிதாக மாறவில்லை. நல்ல படியின் அளவும் பெரிதாக மாறவில்லை. மாறியது, அந்த அளவு யாருக்கு உரியது என்பது. கோயிலுக்கும் மாளிகைக்கும் மட்டும் இருந்த நல்ல படி, ஆலைத் தொழிலாளிக்கும் கடை ஊழியருக்கும் வாடிக்கையாளருக்கும் உரியதாகச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டது கட்டடத்தில் வந்து சேர்வது இன்னும் பாக்கி.

மாணவர்கள் ஓர் அளவுகோலை எடுத்துத் தம் பள்ளியிலும் தெருவிலும் உள்ள படிகளை அளந்து பார்க்கலாம். உயரத்தை இரட்டித்து அகலத்தைக் கூட்டி 60க்கும் 65க்கும் இடையில் வருகிறதா என்று பாருங்கள். எல்லாப் படியும் ஒரே உயரமா என்றும் பாருங்கள். அடுத்த முறை எவரேனும் படியில் இடறினால், அவரைத் தூக்கிவிட்ட பின் அந்தப் படியையும் ஒருமுறை அளக்கத் தோன்றும்.